ஹைக்கூத் தொகுப்பை மெல்ல வாசிக்க

அறுபது பக்கம், பக்கத்துக்கு ஒரு கவிதை. அப்படியொரு தொகுப்பு முதன்முதலாகக் கையில் கிடைத்தபோது அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். மூடி வைத்தபின் ஒரு வரிகூட மனத்தில் தங்கவில்லை. இப்போது உட்கார்ந்தால் மூன்று கவிதைதான். முதலில் வாய்விட்டுப் படிப்பேன். பிறகு கண்ணை மூடிக் காட்சி வருகிறதா என்று பார்ப்பேன். வரும்வரை பக்கத்தைத் திருப்புவதில்லை.

அடுத்து, வெட்டு எங்கே விழுகிறது, அதாவது கவிதை எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்று தேடுங்கள். ஜப்பானிய மொழியில் இதற்கென்றே 'கிரேஜி' என்ற வெட்டுச்சொல் உண்டு. தமிழில் ஒரு கோடோ வரி முறிவோ அந்த வேலையைச் செய்யும். நான் எழுதிப் பார்த்த ஒன்று:

மூடிய குடை—
வாசலில் மெல்ல விரியும்
ஒரு சிறு குளம்

விரிவது குடையின் வேலை. இங்கே குடை மூடிக் கிடக்க, தண்ணீர் விரிகிறது. மழை என்ற சொல்லே இல்லை. நனைந்து வந்தவரும் இல்லை. ஆனாலும் உள்ளே யாரோ வந்திருக்கிறார் என்று தெரிகிறது. யார், எதற்கு வந்தார் என்பதெல்லாம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கேதான் நிற்க வேண்டும். குளம் எதற்குக் குறியீடு என்று மட்டும் கேட்காதீர்கள். அது தண்ணீர்.

மூன்று வரிக்கும் 5-7-5 என்று அசை எண்ண வேண்டாம். அது ஜப்பானிய ஒலியலகுக் கணக்கு. நம் அசைக்கு அப்படியே பொருந்தாது.

வெள்ளை இடத்தையும் வாசியுங்கள். அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் தன் மெட்ரோ நிலையக் கவிதையை முதலில் முப்பது வரியாக எழுதினார். அதை அழித்துவிட்டு, பின்னர் இரண்டு வரியாக்கினார். 1913இல் அது பத்திரிகையில் வந்தபோது சொற்றொடர்களுக்கு நடுவே வழக்கத்தைவிட அகலமான இடைவெளி இருந்தது. சிறு பதிப்பகப் புத்தகங்களில் பல நேரம் கவிஞரே பக்க வடிவமைப்பிலும் கூட இருப்பார். ஒரு வரி ஏன் பக்கத்தின் அடியில் தனியாக நிற்கிறது, எதிர்ப்பக்கத்தில் எந்தக் கவிதை இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாம் வரியில் கருத்து சொல்லி முடிப்பவை எல்லாத் தொகுப்பிலும் உண்டு. அவை மடக்கி எழுதிய வாக்கியங்கள். தயங்காமல் கடந்து போகலாம்.

பிடித்த கவிதையின் ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதி வையுங்கள். பருவம் மாறியதும் திரும்ப வாசியுங்கள். ஒரு கவிதையின் ஓரத்தில் என்னிடம் மூன்று தேதிகள் இருக்கின்றன. அதில் பறவை இல்லை, குரல் மட்டும்தான் இருக்கிறது என்பதை மூன்றாவது தேதியில்தான் கவனித்தேன்.