முதல் பழைய ரிவால்வர்: பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் வாங்குவது எப்படி?

நான் இருப்பது டெக்சாஸில். நான் முதன்முதலில் வாங்கிய பழைய ரிவால்வர் ஒரு தண்டச் செலவு. துப்பாக்கிக் கண்காட்சியில் ஒரு மேசை மேல் கண்ணாடி மாதிரி மின்னியது. பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தால், பொறித்த எழுத்துகளின் ஓரமெல்லாம் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிக் கிடக்கின்றன. யாரோ நன்றாகத் தேய்த்து பாலிஷ் போட்டு, மறுபடி கருநீல மெருகு ஏற்றியிருக்கிறார்கள். சேகரிப்பவர்களிடம் அதற்கு மதிப்பே இல்லை. அதே துப்பாக்கி பழைய மெருகு பாதி போய், குழல் முனையில் வெளுத்துப்போய் இருந்திருந்தால் விலை அதிகம்!

லூகர், மவுசர், 1911 என்று பழைய பிஸ்டல்கள் மேல் ஆசை எங்கெங்கோ போகும். முதல் துப்பாக்கிக்கு என் சிபாரிசு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ ரிவால்வர்தான். 1899இல் வந்தது, 1957இலிருந்து அதற்கு ‘மாடல் 10’ என்று பெயர். லட்சக்கணக்கில் செய்தார்கள் என்பதால் தேடி அலைய வேண்டாம், உதிரி பாகமும் கிடைக்கும்.

படி 1: முதலில் சட்டம்

எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் நண்பர் சொன்னார் என்று இறங்காதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 50 வயது தாண்டிய துப்பாக்கிகளுக்கென்று ‘கியூரியோ அண்ட் ரெலிக்’ என்றொரு சேகரிப்பாளர் உரிமம் இருக்கிறது. 3 ஆண்டுக்கு 30 டாலர். வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். இது மத்தியச் சட்டம். உங்கள் மாநிலச் சட்டம் தனி. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு 1959 ஆயுதச் சட்டம்: உரிமம் கட்டாயம், 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்.

படி 2: காலியா?

யார் கையில் கொடுத்தாலும், ‘காலிதான்’ என்று சத்தியமே செய்தாலும், நீங்களே பாருங்கள். இந்த ரிவால்வரில் இடப்பக்கத் தாழை முன்னால் தள்ளி, தோட்டா போடும் உருளையான சிலிண்டரை வெளியே சாய்த்து, ஆறு துளையையும் எண்ணுங்கள். பிஸ்டலில் வரிசை முக்கியம்: முதலில் மேகசினை (தோட்டா அடுக்கிய பெட்டியை) கழற்றுங்கள், அப்புறம்தான் மேல்சட்டத்தை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேகசினிலிருந்து ஒரு தோட்டா அறைக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். அதன்பின் மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி மாதிரியே தெரியும்.

சிலிண்டரை மூடும்போது சினிமாவில் போல மணிக்கட்டை வெட்டி மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் துப்பாக்கியின் இரும்புக் கை வளைந்துவிடும். விற்பவரும் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

படி 3: எண்களைப் படியுங்கள்

இந்தப் பொழுதுபோக்கின் சுவையே இங்கேதான். 1957க்கு முந்தியவற்றில் வரிசை எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும். அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் இருக்க வேண்டும். மரக் கைப்பிடியைக் கழற்றினால் வலப்பக்கப் பலகையின் உட்புறத்திலும் தென்படலாம். சிலிண்டரைத் திறந்ததும் துப்பாக்கியின் உடற்சட்டத்தில் தெரியும் எண்ணை வரிசை எண் என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. அது தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும்போது போட்ட குறி. அதை வைத்து வயது தேடினால் தலை சுற்றும்.

எண்ணுக்கு முன்னால் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இரண்டாம் உலகப்போர்க் கால ‘விக்டரி’. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டனுக்குப் போனவை 5 அங்குலக் குழலோடு, 38/200 என்ற குட்டையான, சற்றே தடித்த தோட்டாவுக்குச் செய்தவை. போருக்குப் பின் திரும்பி வந்தவற்றில் பலவற்றின் சிலிண்டர் துளையை நீளமாகக் குடைந்து, குழலையும் வெட்டி, 38 ஸ்பெஷல் (இந்த ரிவால்வரின் வழக்கமான தோட்டா) என்று விற்றார்கள். நீளம் சரியாகிவிட்டது, அகலம் குறையுமா? சுட்டால் வெற்றுக்கூடு அடிப்பக்கம் புடைத்து வரும், சில சமயம் கிழிந்தும் வரும். குழல் நீளம் விநோதமாக இருந்தால், குழல் முனையில் குறிபார்க்கும் முள் பிற்காலத்தில் ஒட்டவைத்தது போல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 4: கையில் பிடித்துச் சோதனை

விற்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் விசையைத் தொட வேண்டும். அனுமதி கிடைத்தால், சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி துப்பாக்கியின் பின்னால் உள்ள சுத்தியலை மெதுவாகப் பின்னால் இழுங்கள். சுத்தியல் முழுதும் போய் நிற்பதற்குள் சிலிண்டர் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு துளைக்கும் செய்து பாருங்கள்; ஐந்து சரியாக இருந்து ஒன்று சோம்பும். பிறகு விசையைத் தொடாமல், நிறுத்திய சுத்தியலைக் கட்டைவிரலால் முன்னால் தள்ளுங்கள். நழுவி விழுந்தால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். கடைசியாகச் சிலிண்டரைத் திறந்து, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். நடுவில் கறுப்பு வளையம் தெரிந்தால் குழல் எப்போதோ உள்ளிருந்து வீங்கியிருக்கிறது.

படி 5: வீட்டுக்கு வந்த பிறகு

சாதாரணத் திருப்புளியை எடுக்காதீர்கள். அதன் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். துப்பாக்கித் திருகாணியின் பள்ளமோ நேர்ச்சுவர். வழுக்கிக் கடித்துவிடும். உள்ளிருக்கும் பாகங்களை மூடும் பக்கத் தகட்டை நெம்பவும் கூடாது. திருகாணிகளைக் கழற்றிவிட்டுக் கைப்பிடிச் சட்டத்தைத் திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டினால் தானே எழும்பி வரும். எண்ணெய் மெல்லிய பூச்சாகப் போதும். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், ஈரம் இழுத்துத் துரு பிடிக்கும்.

சுடுவதானால் அதற்கு முன் துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். தோட்டா பழைய அளவான 158 கிரெய்ன் (தோட்டாக் குண்டின் எடை அலகு) ஈயக் குண்டு. அழுத்தம் கூடிய ‘பிளஸ் பி’ தோட்டா 1957க்கு முந்தியவற்றுக்கு வேண்டாம்.

அந்தப் பாலிஷ் போட்ட ரிவால்வரை நான் விற்கவில்லை. கெடுவதற்கு அதில் இனி ஒன்றுமில்லை என்பதால், சுடுதளத்துக்கு அடிக்கடி போவது அதுதான்.