நாளை குடிக்கப்போகும் கூலே த செரானை இன்றே திறந்துவிடுங்கள்

கூலே த செரான் என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின் பாட்டில் ஒன்று கையில் கிடைத்து, நாளை இரவு விருந்தில் பரிமாறப் போகிறீர்கள் என்றால் இன்று இரவே கார்க்கைக் கழற்றிவிடுங்கள். வெள்ளை ஒயினை ஒரு நாள் திறந்து வைத்தால் கெட்டுவிடாதா என்ற பயம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் இதைத் தயாரிக்கும் ஜோலி குடும்பமே முதல் நாளே திறக்கத்தான் சொல்கிறது.

பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில், ஆஞ்ஜே நகருக்குப் பக்கத்தில் சாவெனியேர் என்று ஓர் ஊர். அங்கே சுமார் 7 ஹெக்டேர் சரிவு நிலம்தான் இந்த ஒயினின் தோட்டம், அடியில் அடுக்கடுக்காகப் பிளக்கும் பாறை. 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகள் திராட்சை நட்ட இடம் அது. வங்கி வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்த நிக்கோலா ஜோலி, களைக்கொல்லியால் மண் சாவதைப் பார்த்து மனம் மாறி, 1984 முதல் தோட்டம் முழுவதையும் பயோடைனமிக் முறையில், அதாவது ரசாயனம் இல்லாமல், நிலவையும் கோள்களையும் பார்த்துச் செய்யும் இயற்கை விவசாயத்தில் நடத்தினார். இப்போது மகள் விர்ஜினி பொறுப்பில் இருக்கிறார். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைத்து, பிறகு தண்ணீரில் கரைத்துத் தெளிக்கும் கொம்பு சாண உரம் இந்த முறையின் உயிர்நாடி. அந்த நிலவு, கோள் கணக்கை நம்புவது அவரவர் விருப்பம், நான் கவனிப்பது வேறு: செனின் ப்ளாங்க் என்ற வெள்ளைத் திராட்சைப் பழம் நன்றாகக் கனியும்வரை காத்திருந்து, பல தடவையாகக் கையால் பறித்து, தோட்டத்திலிருந்தே வரும் ஈஸ்ட்டில் நொதிக்க விடுகிறார்கள். அதனால் ஒயின் கனமாக, திறந்தவுடன் வாசனை வெளிவராமல் இறுகிப்போய் இருக்கும். அதற்குத்தான் காற்று வேண்டும்.

சரி, திறந்ததும் ஒரு வாய் மட்டும் சுவைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் டிகாண்டரில் (ஒயினைக் காற்றாட வைக்கும் கண்ணாடிக் குடுவை) மெதுவாக, சுவரோடு வழியும்படி ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இருபது, முப்பது வருடப் பழைய பாட்டில் என்றால் இவ்வளவு நேரம் வேண்டாம், சில மணி நேரம் விட்டு அடிக்கடி ருசி பாருங்கள்.

நிறம் அடர்ந்த தங்கமாக இருக்கும், பழசாகிவிட்டதோ என்று பயந்து கொட்டிவிடாதீர்கள். ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் மட்டும் கார்க்கில் கோளாறு, அது எவ்வளவு காற்று பட்டாலும் போகாது.

பரிமாறும்போது 14 டிகிரி செல்சியஸ் போதும். நேராக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றினால் கசப்பும் புளிப்பும்தான் முன்னால் நிற்கும், தேன், சுட்ட ஆப்பிள், தேன்மெழுகு வாசனை எல்லாம் உள்ளேயே அடங்கிவிடும். அறையில் இருந்த ஒயினாக இருந்தால் அந்த அளவுக்குக் குளிரும்வரை மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். வாய் அகன்ற பெரிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், வாசனை சுழல இடம் வேண்டும்.

சாப்பாட்டுக்கு அந்தப் பக்கத்து வழக்கப்படி ஆற்று மீனும் வெண்ணெய்ச் சாஸும் அருமையாகப் பொருந்தும். முற்றிய பாலாடைக்கட்டியும் நல்ல ஜோடி. மீதி இருந்தால் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றி, கார்க்கை அழுத்தி, மூன்றாம் நாள் மறுபடி ஒரு கிளாஸ் ஊற்றிப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கிளாஸ்தான்.