அமெரிக்கக் கவுண்டி நீதிமன்றத்தில் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் வாங்குவது எப்படி?

மறுமணம், பாஸ்போர்ட்டில் பழைய துணையின் பெயரை எடுப்பது, புதிதாக மணந்தவருக்கு கிரீன் கார்டு மனு என்று எதற்குப் போனாலும் "டைவர்ஸ் சர்டிஃபிகேட் கொண்டு வாங்க" என்பார்கள். அந்தச் சொல்லை நம்பி மாநில சுகாதாரத் துறைக்கு எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. உங்களுக்குத் தேவையான தாள் பெரும்பாலும் அங்கே இருக்காது. விவாகரத்தை வழங்கியது நீதிமன்றம். அதன் கோப்பு இருப்பது வழக்கு நடந்த கவுண்டியின் (மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) கிளர்க் அலுவலகத்தில்.

முதலில் மூன்று தாள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மாநில அரசு தரும் சான்று. இருவரின் பெயர், தேதி, இடம் மட்டும் இருக்கும். டெக்சஸ் மாநிலம் 1968 முதலான விவாகரத்துகளுக்கு ஒரு சரிபார்ப்புக் கடிதம் தருகிறது; அது தீர்ப்பின் நகல் அல்ல. கலிபோர்னியாவில் மாநில அளவிலான பதிவு 1962 முதல் 1984 ஜூன் வரைக்கும்தான் உண்டு. இரண்டு, தீர்ப்பாணை. நீதிபதி கையெழுத்திட்டு, சொத்து, குழந்தை, ஜீவனாம்சம் எல்லாம் எழுதப்பட்ட ஆவணம். மூன்று, மனுவிலிருந்து கடைசித் தாள் வரையுள்ள முழுக் கோப்பு. பெரும்பாலான வேலைகளுக்கு வேண்டியது இரண்டாவதின் சான்றிட்ட நகல், அதாவது கிளர்க் முத்திரையும் கையெழுத்தும் இட்டுத் தரும் நகல். இந்தியாவில் காட்டப் போகிறீர்கள் என்றால் மூன்றாவதிலிருந்தும் சில தாள்கள் வேண்டும். அதைக் கீழே சொல்கிறோம்.

எந்தக் கவுண்டி?

கல்யாணம் மதுரையில் நடந்ததா, லாஸ் வேகஸில் நடந்ததா என்பது இங்கே கணக்கில் வராது. வழக்குப் போட்ட நேரத்தில் இருவரில் ஒருவர் எங்கே குடியிருந்தார் என்பதுதான் கேள்வி. கலிபோர்னியாவில் மனுப் போட மாநிலத்தில் 6 மாதம், அந்தக் கவுண்டியில் 3 மாதம் இருந்திருக்க வேண்டும். டெக்சஸில் 6 மாதமும் 90 நாளும். அந்தக் காலத்து வீட்டு முகவரியை எடுத்து அது எந்தக் கவுண்டி என்று பாருங்கள். ஊர்ப் பெயர் ஏமாற்றும். ஃப்ரீமாண்ட் என்றால் அலமேடா கவுண்டி. சன்னிவேல் என்றால் சாண்டா கிளாரா. டெக்சஸின் ஃபிரிஸ்கோ, காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டியிலும் பரவிக் கிடக்கிறது. ஒன்றில் இல்லை என்றால் மற்றதில் தேடுங்கள்.

வழக்கு எண்ணைத் தேடும்போது

எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய நீதிமன்றத் தாள் எது கிடைத்தாலும் அதன் முதல் பக்கத்தில், வலது பக்கக் கட்டத்தில் எண் இருக்கும். வழக்கறிஞரின் பழைய மின்னஞ்சல், குழந்தைப் பராமரிப்புத் தொகை பற்றிய கடிதம் ஆகியவற்றிலும் பாருங்கள்.

இல்லாவிட்டால் நீதிமன்ற இணையதளத்தில் பெயரால் தேட வேண்டும். நம் பெயர்கள் சிக்குவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் சொந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ ("ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்", முதற்பெயர் தெரியவில்லை) என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். மனுவிலும் அப்படியே ஏறியிருக்கலாம். ஆகவே ஒரே ஆளை நான்கு விதமாகத் தேடுங்கள்: சொந்தப் பெயர் குடும்பப் பெயராக, தந்தை பெயர் குடும்பப் பெயராக, எஃப்என்யூ முதற்பெயராக, இனிஷியல் மட்டும் சேர்த்து. பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய பெயரையும் பிந்தைய பெயரையும் போட்டுப் பாருங்கள். எழுத்துக்கூட்டலும் மாறும். சுப்பிரமணியன் எம்-இல் முடிகிறதா, என்-இல் முடிகிறதா? கனிமொழியின் ழகரத்துக்கு இசட்-எச் போட்டார்களா, வெறும் எல் போட்டார்களா? முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் கொடுத்துத் தேட இடமிருந்தால் அதுவே நல்லது. அப்படியும் வரவில்லையா, எதிர்த்தரப்பின் பெயரில் தேடுங்கள், வழக்கு ஒன்றுதானே.

கலிபோர்னியாவில் எண்ணும் தாள்களின் பட்டியலும் இணையத்தில் தெரியும், தாள் திறக்காது. குடும்ப வழக்கு ஆவணங்களைப் பொதுமக்கள் தொலைவிலிருந்து பார்க்க மாநில நீதிமன்ற விதி இடம் தருவதில்லை; நீதிமன்றத்தில் உள்ள கணினியில்தான் பார்க்கலாம். தளம் பழுது என்று நினைத்து, பணம் கேட்கும் தனியார் தேடல் தளங்களுக்குப் போகாதீர்கள். அவர்கள் விற்பது பெயர்ப் பட்டியல் விவரம். சான்றிட்ட நகலை அவர்களால் தர முடியாது.

என்ன கேட்பது, எவ்வளவு ஆகும்

கலிபோர்னியாவில் தீர்ப்பின் முகப்பு எஃப்எல்-180 என்ற படிவம். அதன் பின்னால் இருவரும் செய்த ஒப்பந்தம் முப்பது, நாற்பது பக்கம் இணைந்திருக்கும். "எஃப்எல்-180, இணைப்புகள் அனைத்துடன்" என்று எழுதுங்கள். சில வழக்கில் திருமண உறவை முடிக்கும் தீர்ப்பு முதலிலும் சொத்துத் தீர்ப்பு பல மாதம் கழித்தும் வந்திருக்கும். அப்படியானால் இரண்டையும் தேதி போட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக வந்த சொத்துத் தீர்ப்பு மட்டும் வந்து சேரும், அதைக் காட்டி மறுமணம் பதிய முடியாது.

கலிபோர்னியாவில் கட்டணம் பக்கத்துக்கு 50 சென்ட். சான்றிட, விவாகரத்துத் தீர்ப்புக்கு 15 டாலர். கோப்பின் மற்ற ஆவணங்களுக்கு 40 டாலர். 36 பக்கத் தீர்ப்பு என்றால் 18 கூட்டல் 15, ஆக 33 டாலர். எண் இல்லாமல் கேட்டு, தேட 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் தேடல் கட்டணம் 15 டாலர் தனி. அனுப்பும் அன்று கவுண்டியின் கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள், தொகை மாறக்கூடும்.

தபாலில் கேட்பவர்களின் கடிதத்தில் இருக்க வேண்டியவை: வழக்கு எண், இருவர் பெயரும் கோப்பில் உள்ளபடி, ஆவணத்தின் பெயரும் தேதியும், எத்தனை நகல், "சர்டிஃபைடு" என்ற சொல், உங்கள் தொலைபேசி எண். பக்க எண்ணிக்கை தெரியாதபோது காசோலையில் தொகையை எழுதாமல் விட்டு, "நாட் டு எக்ஸீட் 75 டாலர்" என்று குறிப்பது அங்கே உள்ள வழக்கம். கிளர்க் சரியான தொகையை நிரப்பிக்கொள்வார். குறைந்த தொகையை எழுதி அனுப்பினால் முழுக் கடிதமும் திரும்பி வரும்.

திரும்பி வருவதற்கான உறையிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ஒரு சாதாரண ஸ்டாம்ப் ஒரு அவுன்ஸுக்குத்தான், அதாவது 28 கிராம். ஒரு தாள் சுமார் நாலரை கிராம். நாற்பது தாள் சுமார் 180 கிராம் வரும். பெரிய உறையில், எடைக்கேற்ற ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்த ஸ்டாம்பும் அமெரிக்க வங்கிக் காசோலையும்தான் தடை. அந்தக் கவுண்டியில் இருக்கும் உறவினரையோ நண்பரையோ எண்ணோடு நேரில் அனுப்புவதே எளிது. கலிபோர்னியாவில் தீர்ப்பு பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். நியூயார்க்கில் அப்படி இல்லை. அங்கே விவாகரத்துக் கோப்புகள் 100 ஆண்டு மூடி வைக்கப்படுகின்றன. சம்பந்தப்பட்ட இருவரோ அவர்களின் வழக்கறிஞரோதான் வாங்க முடியும், மற்றவர்களுக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். வழக்கு நடப்பது அங்கே சுப்ரீம் கோர்ட் எனப்படும் நீதிமன்றத்தில், நகல் தருவது கவுண்டி கிளர்க். டெக்சஸில் நேர்மாறு: கவுண்டி கிளர்க்கிடம் இருப்பது திருமணப் பதிவு, விவாகரத்துக்கு டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம் போக வேண்டும். பென்சில்வேனியாவில் இதே வேலையைச் செய்யும் அலுவலகத்தின் பெயர் ப்ரோதோனோட்டரி.

இந்தியாவில் தீர்ப்பு செல்லுபடியாக வேண்டுமானால்

இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை வெளிநாட்டு நீதிமன்றம் முறித்தால், அது எப்போது இங்கே செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 1991இல் நரசிம்ம ராவ் – வெங்கட லட்சுமி வழக்கில் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு தானாக முன்வந்து அந்த வழக்கில் கலந்துகொண்டாரா, விவாகரத்துக்குச் சம்மதித்தாரா என்பது அதில் முக்கியமான கேள்வி. கலிபோர்னியாவில் வழக்கமாக எழுதும் "சரிசெய்ய முடியாத கருத்து வேறுபாடு" என்ற காரணம் இந்து திருமணச் சட்டத்தில் இல்லை என்பதால் இந்தக் கேள்விக்கு எடை கூடுகிறது.

எஃப்எல்-180இன் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். வழக்கு எதிர்ப்பின்றி முடிந்ததா, எதிர்த்து நடந்ததா என்று ஒரு வரி. அதற்கடுத்த வரியில், எதிர்த்தரப்புக்குச் சம்மன் சேர்ந்தது, எதிர்த்தரப்பு ஆஜரானார் என இரண்டு கட்டங்கள். இரண்டாவது கட்டத்தில் குறி இருந்தால் உங்களுக்கு வலு. குறி எந்தக் கட்டத்தில் இருந்தாலும், எதிர்த்தரப்பின் பதில் மனுவான எஃப்எல்-120, சம்மன் சேர்ந்ததற்கான எஃப்எல்-115 ஆகியவற்றில் எது கோப்பில் இருக்கிறதோ அதையும் சான்றிட்டு வாங்குங்கள். 40 டாலர் கூடுதல்தான். பத்து வருடம் கழித்து இங்கிருந்து அலைவதைவிட அது மலிவு. பதில் மனுவே கோப்பில் இல்லை என்றால், மறுமணத் தேதி குறிப்பதற்கு முன் இங்குள்ள வழக்கறிஞரிடம் தீர்ப்பைக் காட்டிவிடுங்கள்.

அடுத்து அப்போஸ்டில், அதாவது ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டில் காட்டும் சான்று. இந்தியா 2005 முதல் அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரக முத்திரைக்குப் பதில் இது போதும். மாநில நீதிமன்ற ஆவணத்துக்கு வாஷிங்டனுக்கு அனுப்பக் கூடாது. அந்தந்த மாநிலச் செயலர் அலுவலகம்தான். கலிபோர்னியாவில் ஒன்றுக்கு 20 டாலர், சாக்ரமென்டோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் நேரில் கொடுத்தால் 6 டாலர் கூடும். டெக்சஸில் 15. அவர்கள் சரிபார்ப்பது சான்றிட்ட கிளர்க்கின் கையெழுத்தை. கையெழுத்து மங்கியிருந்தாலோ, அந்தத் துணை கிளர்க்கின் மாதிரிக் கையெழுத்து அவர்களிடம் இல்லாவிட்டாலோ திருப்பிவிடுவார்கள். நகல் கேட்கும்போதே "இந்தியாவுக்கு அப்போஸ்டில் வாங்க" என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால், தகுந்தவரிடம் கையெழுத்து வாங்கித் தர வசதியாக இருக்கும்.

நகல் வந்ததும் கடைசிப் பக்க முத்திரை, தீர்ப்புத் தேதி, உறவு முடிந்த தேதி மூன்றையும் பாருங்கள். கலிபோர்னியாவில் தீர்ப்புத் தேதியும் உறவு முடியும் தேதியும் வேறாக இருக்கலாம். மறுமணத்துக்கு இரண்டாவதுதான் கணக்கு. ஸ்கேன் செய்வதற்காக ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றவே வேண்டாம். பின் துளை இரண்டு தெரிந்தாலே தாள் மாற்றப்பட்டது என்று சந்தேகித்து வாங்க மறுப்பார்கள். பக்கங்களை மடக்கிப் பிடித்துப் படமெடுங்கள். பழைய தீர்ப்புகளில் சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு எண் முழுதாக இருக்கக்கூடும். மின்னஞ்சலில் யாருக்கும் அனுப்பும் முன் அந்த ஸ்கேனில் அவற்றை மறைத்துவிடுங்கள். சான்றிட்ட தாளின்மேல் பேனா வைக்காதீர்கள்.