குழந்தைகளே கட்டி நிறுத்தும் வளைவு: திறந்தவெளியில் வைக்க ஒரு கலைப்படைப்பு

குழந்தைகளுக்கென்று வெளியில் எதையாவது செய்து வைப்பவர்கள் பெரும்பாலும் அதை முழுசாக முடித்து, பெயின்ட் அடித்து நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகள் இரண்டு சுற்று ஓடிவிட்டுப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் கட்டுகிற வேலையையே அவர்களிடம் விட்டுவிட வேண்டும், இடிக்கிற வேலையையும் சேர்த்துத்தான். நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் எய்க் 1947-லிருந்து ஆம்ஸ்டர்டாமில் நூற்றுக்கணக்கான விளையாட்டுத் திடல்களை வடிவமைத்தபோது வைத்ததெல்லாம் மணல் குழி, கம்பி வளைவு, கல் மாதிரி எளிய பொருள்கள்தான். அவற்றை என்னவாக ஆக்குவது என்பது பிள்ளைகள் கையில்.

நான் சொல்லப்போவது பசையோ ஆணியோ இல்லாமல் நிற்கும் வளைவு. ஒரு சங்கிலியின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் வரும் வடிவத்தை அப்படியே தலைகீழாக்கினால், அது தன் எடையைத் தானே தாங்கி நிற்கும். ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1675-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கௌடி ஒரு தேவாலயத்துக்கு மாதிரி செய்ததும் கயிறுகளையும் சிறு எடைகளையும் தொங்கவிட்டுத்தான்.

இரண்டு மீட்டர் அகல பிளைவுட் பலகையை நிமிர்த்தி வைத்து, 120 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி அடியுங்கள். சங்கிலி நடுவில் 120 செ.மீ. இறங்க வேண்டும், அதற்கு ஏறக்குறைய 285 செ.மீ. நீளம் பிடிக்கும். சங்கிலி தொங்கும் கோட்டை வரைந்துகொண்டு, பலகையைத் தலைகீழாகத் திருப்பி, கோட்டுக்கு இருபுறமும் 10 செ.மீ. விட்டு இன்னும் இரண்டு கோடு போட்டால் 20 செ.மீ. தடிமன் கிடைக்கும். இதை 11 துண்டாகப் பிரியுங்கள். வெட்டுக்கோடு ஒவ்வொன்றும் வளைவுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், இதில் மட்டும் அவசரப்படாதீர்கள், கோணம் தவறினால் துண்டுகள் வழுக்கும். கடைசி இரண்டு கால்களின் அடி மட்டும் தரையோடு சமமாக. பாலிஎத்திலீன் ஃபோமில் 30 செ.மீ. ஆழத்துக்கு வெட்டுங்கள், தண்ணீர் குடிக்காது, மேலே விழுந்தாலும் வலிக்காது. தெர்மாகோல் வேண்டாம், உதிரும்.

இடமும் வலமும் ஒரே அளவு என்பதால் ஜோடிக்கு ஒரு நிறம் அடித்தால் போதும், எண் எழுத வேண்டியதில்லை.

அப்புறம், அதே பிளைவுட்டில் வளைவின் கால்கள் வரும் கீழ் விளிம்பில் 40 செ.மீ. அகலப் பலகை ஒன்றைக் கீல் வைத்துப் பொருத்துங்கள். வளைவின் கால்கள் வெளிப்பக்கம் உதைக்கும், அதனால் இந்தச் சின்னப் பலகையில் இரண்டு பக்கமும் தடுப்புக்கட்டை கட்டாயம். பெரிய பலகையைத் தரையில் படுக்க வைத்தால் பிள்ளைகள் அதன்மேல் துண்டுகளை அடுக்குவார்கள். பெரியவர்கள் இரண்டு பேர் மெதுவாக நிமிர்த்தி, பிறகு பலகையை மட்டும் பின்னால் சாய்க்க வேண்டும். கீல் பக்கம் சின்ன விரல்கள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் வெளியே எடுக்காதீர்கள்.

பழகிய பிறகு, 60 செ.மீ. ஆரத்தில் 5 செ.மீ. தடிமனுள்ள அரைவட்டம் ஒன்றையும் வெட்டிக் கொடுங்கள். அரைவட்டத்தின் தடிமன் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் நிற்காது. எப்படி அடுக்கினாலும் இது விழும், ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள்.