நோட்டில் நாங்கள் அடித்த வரிகள்: ஒரு வருடத் தவறுகள்

நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வருடம் ஒரு நோட்டு வைத்திருந்தோம். காகித நோட்டு இல்லை, ஐவரும் திறந்து எழுதக்கூடிய ஒரு கோப்பு. வாழ்க்கையை எளிதாக்கும் என்று எங்கேயாவது படித்த, கேட்ட, வீடியோவில் பார்த்த யோசனையைச் செய்து பார்த்தால், அதை அதில் ஒரு வரியாக எழுத வேண்டும். பலித்தால் அப்படியே விட்டுவிடலாம். பலிக்காவிட்டால் அழிக்கக் கூடாது. குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவள் எங்களில் கணக்குத் தணிக்கை பார்க்கிறவள். தணிக்கைக்காரர்களுக்கு அழிரப்பர் என்றாலே ஆகாது.

டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து படித்தோம். கோடு போட்ட வரிகள்தான் அதிகம். படிக்க நன்றாக இருந்தவையும் அவைதான். பலித்த வரிகள் எல்லாம் சப்பென்று இருந்தன. "சாவிக்கு ஒரே இடம்" என்று ஒன்று. சரி, அதற்கு மேல் அதில் சொல்ல என்ன இருக்கிறது?

அடித்த வரிகளில் முழுப் பொய் கொஞ்சம்தான். மற்றவை யாரோ ஒருவருக்கு, ஏதோ ஒரு வேலையின் நடுவே உண்மையிலேயே கைகொடுத்தவை. கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்து சேர்வதற்குள் "யாருக்கு, எதற்கு, எப்போது" என்பது வழியிலேயே உதிர்ந்துபோய், வெறும் கட்டளை மட்டும் மிஞ்சியிருந்தது. எங்கள் தவறுகளில் பாதி அந்தக் கட்டளையை அப்படியே நம்பியதில் வந்தவை.

முதல் கோடு என்னுடையது. "எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும்" என்று எழுதிவிட்டு, பிப்ரவரியில் விடியற்காலை எழுந்து ஓட ஆரம்பித்தேன். சுவரில் 21 கட்டம் வரைந்து, ஒவ்வொரு நாளும் ஒன்றில் டிக் அடித்தேன். எல்லாக் கட்டமும் நிறைந்தது. 22ஆம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். மறுபடி ஷூ போட்டது ஏப்ரலில்.

இந்த 21 எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் தேடினேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் வெளியிட்ட நூலில், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரிகிற புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்று எழுதியிருந்தார். தன் நோயாளிகளிடம் பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். வாய்வழியாகப் பரவியதில் முதலில் முகம் காணாமல் போனது, பிறகு "குறைந்தது" காணாமல் போனது. 21 மட்டும் என் வீட்டுச் சுவர் வரை வந்து சேர்ந்தது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடன் ஆய்ந்தவர்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் ஒரு குறிப்பிட்ட சமயத்தோடு சேர்த்து ஒரு புதுச் செயலை ஒவ்வொருவரும் தேர்ந்துகொண்டார்கள். காலை உணவுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போல. அது யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல், அந்தக் கணக்கு 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. தண்ணீர் குடிக்கிற பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. உடற்பயிற்சிக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது. நான் தேர்ந்தெடுத்ததோ ஓட்டம்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் படிவது அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. இது தெரியாமல் எங்களில் ஒருத்தி மொழி கற்கும் செயலியில் நூறு நாளைக்கும் மேல் விடாமல் வைத்திருந்த தொடர், ஒரே ஒரு நாள் காய்ச்சலில் அறுந்ததும் மொழியையே விட்டுவிட்டாள். தொடர் என்பது செயலிக்காரர் போட்ட எண். மொழி அவள் தலையில் இருந்தது. ஒரு நாளில் அது எங்கே போய்விடும்? நான் ஏப்ரலில் மறுபடி ஆரம்பித்தபோது கட்டம் வரையவில்லை. முதல்நாள் இரவே ஷூவைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன், பல் தேய்த்ததும் போட்டேன். நடுவில் எத்தனையோ நாள் விட்டுப்போயிருக்கிறது. டிசம்பரிலும் ஓடிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது நேரக் கணக்கு. எங்களில் ஒருவன் எந்த வேலையைக் கேட்டாலும் "ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்டா" என்பான். வீடு மாறியபோதும் சனி, ஞாயிறு போதும் என்றான். திங்கட்கிழமை அவன் அலுவலகத்துக்குப் போட்டுப் போக வேண்டிய சட்டை எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை. புதன்கிழமைதான் கிடைத்தது. நோட்டில் அவன் எழுதியிருந்த வரி, "எல்லாவற்றையும் சின்னச் சின்ன வேலையாகப் பிரித்துப் பட்டியல் போட்டால் சரியான நேரம் தெரியும்."

பட்டியல் போட்டது தவறு இல்லை. பட்டியலில் எல்லாம் தடையின்றி நடக்கிற நாளை மட்டும் கற்பனை செய்ததுதான் தவறு. இதற்கு உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். தமிழில் திட்டமிடல் மயக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, மோசமாக நினைத்துப் பார் என்று சொல்லியும் அவர்களால் போதுமான அளவு மோசமாக நினைக்க முடியவில்லை. பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான்: சிட்னி ஓபரா ஹவுஸ் 1963இல் முடியும் என்றுதான் ஆரம்பித்தார்கள், திறந்தது 1973இல்.

மருந்து எளிது, ஆனால் கசக்கும். இந்த வேலை எப்படி நடக்கும் என்று கற்பனை செய்வதற்கு முன், இதே மாதிரி வேலை போன தடவை எத்தனை நாள் ஆனது என்று பார்க்க வேண்டும். போன தடவை வீடு மாற ஐந்து நாள் ஆனது என்றால் இந்தத் தடவையும் ஐந்து. "இந்தத் தடவை அப்படி இல்லை" என்று மனம் சொல்லும். போன தடவையும் அதைத்தான் சொன்னது. இப்போது அவன் இரண்டு என்றால் நாங்கள் ஐந்து என்று எழுதிக்கொள்கிறோம், அவனுக்குக் கோபம் வருவதும் இல்லை.

நேரம் பற்றிய இன்னும் இரண்டு வரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை உடனே செய்" என்பது ஒன்று. இது பிறந்த இடம், குவிந்து கிடக்கும் கடிதங்களையும் வேலைகளையும் உட்கார்ந்து தரம் பிரிக்கிற நேரம். அதை நாள் முழுக்க நீட்டினால் காலை பத்து மணிக்குத் தொடங்கிய முக்கியமான வேலை, இரண்டிரண்டு நிமிடமாக அரிக்கப்பட்டு மதியம் வரை முதல் பத்தியிலேயே நிற்கும். இன்னொன்று 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்கிற பொமொடோரோ முறை. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் ஒட்டாமல் தவித்தபோது தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துத் தொடங்கியது. உட்காரவே முடியாதவர்களுக்கு அருமையான வழி. மனம் ஏற்கெனவே வேலையில் மூழ்கியிருக்கும்போது மணி அடித்து எழுப்புவது வேறு விஷயம். அந்த 5 நிமிட ஓய்வில் போனைத் திறந்தால் அது 5 நிமிடமாக இருக்காது என்பதையும் நோட்டில் மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருக்கிறோம்.

இனி வீட்டுக்குள் வருவோம். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து தேய்த்தால் எந்தக் கறையும் போகும் என்று ஒரு வரி. பொங்கி நுரைக்கும்போது பார்க்க அமர்க்களமாக இருக்கும். சோடா காரம், வினிகர் அமிலம். தனித்தனியாக இரண்டுக்கும் வேலை உண்டு. கலந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, கரியமில வாயு பறந்துபோக, மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அடைத்த இடத்தைக் கொஞ்சம் உலுக்க அந்த நுரை உதவலாம். கறையைப் போக்கியது என் தோழியின் கைவலிதான்.

இது வெறும் வீண்வேலை. ஆபத்தான கலவைகளும் இருக்கின்றன, இங்கே மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுகிறேன். "இரண்டு சேர்ந்தால் இரட்டிப்பு பலம்" என்ற எண்ணத்தில் பிளீச்சோடு வேறு எதையும் கலக்காதீர்கள். வினிகர், அமிலம் உள்ள கழிப்பறைத் திரவம் இவற்றோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு சேர்ந்தால் குளோரமீன் வாயு வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்குபவை. எங்களில் ஒருவன் ஒரு திரவத்தை ஊற்றிவிட்டு, அலசாமலே மேலே இன்னொன்றை ஊற்றினான். கண் எரிந்து இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தான். ஜன்னல் திறந்திருந்தது, தப்பித்தான். கலக்குவது என்றால் வாளியில் போட்டுக் கலக்குவது மட்டும் இல்லை; ஒன்றன் பின் ஒன்றாக ஒரே இடத்தில் ஊற்றுவதும் கலப்பதுதான்.

தீக்காயத்துக்குப் பற்பசை தடவுவதும் இந்த ரகம். குளிர்ச்சியாகத் தோன்றும், சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும், அப்புறம் மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். 20 நிமிடம் என்பது நின்று பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும். பலர் இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடுகிறார்கள்.

நனைந்த போனை அரிசியில் போட்டோம், நாங்களும்தான். போன் பிழைத்தது, அதனால் அரிசிக்குப் பெயர் கிடைத்தது. சும்மா காற்றாட வைத்திருந்தாலும் அது பிழைத்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஐபோனை அரிசிக்குள் வைக்காதீர்கள், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கலாம் என்று 2024இல் ஆப்பிள் நிறுவனமே எழுதிவிட்டது. சார்ஜ் போடும் துளை கீழே பார்க்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுப் பொறுமையாக இருப்பதுதான் வழி. ஈரம் காய்வதற்குள் சார்ஜ் போட்டுப் பார்க்கும் அவசரம்தான் போனைக் கொல்கிறது.

பாஸ்வேர்ட் விஷயத்தில் தணிக்கைத் தோழியே கோடு போட வேண்டியதாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எங்களை விரட்டிக்கொண்டிருந்தாள். நாங்களும் மாற்றினோம்: கடைசி எண் 1 இருந்த இடத்தில் 2. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி முன்பு வெளியிட்ட பாஸ்வேர்ட் வழிகாட்டியை எழுதிய பில் பர், அந்த அறிவுரைகளில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் சொன்னார். அதே ஆண்டில் வந்த புதிய வழிகாட்டி, திருடுபோன அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்றது. நீளமாக, இடத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, நினைவில் வைக்கும் வேலையை பாஸ்வேர்ட் மேனேஜரிடம் விடுவது மேல்.

இதைவிடப் பெரிய அடி ஆகஸ்டில் விழுந்தது. ஒருவனுடைய போன் தொலைந்தது. பாஸ்வேர்டுக்குப் பின் கேட்கும் இரண்டாம் சரிபார்ப்புக்கான செயலி அந்தப் போனில். போன் தொலைந்தால் கணக்குக்குள் நுழைவதற்கென்று தரும் மீட்புக் குறியீடுகள்? அவற்றையும் படம் எடுத்து அதே போனில் வைத்திருந்தான். பூட்டிய பெட்டிக்குள் அதன் சாவியை வைத்த கதை. அந்தக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். புகைப்படங்கள் இணையச் சேமிப்புக் கணக்கில் தானாக ஏறுகின்றன என்று நிம்மதியாக இருந்தவளுக்கும் ஒரு பாடம் கிடைத்தது: அது பெரும்பாலும் ஒத்திசைவு, பிரதி இல்லை. இடம் போதவில்லை என்று போனில் அழித்ததும் அங்கேயும் அழிந்தது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி. அதோடு வருடத்தில் ஒரு நாளாவது பிரதியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி இருந்தென்ன, இல்லாமல் என்ன?

நோட்டில் யோசனையாக எழுதப்படாத ஒரு வரியும் இருக்கிறது. செப்டம்பரில் எங்களில் ஒருவனுக்கு வேலை போனது. நாங்கள் நால்வரும் சும்மா இருப்போமா? பயோடேட்டாவை இப்படி மாற்று, ஆறு மணிக்கு எழுந்திரு, தினமும் பத்து இடத்துக்கு விண்ணப்பி என்று இரண்டு நாளில் நோட்டை நிரப்பினோம். மூன்றாம் நாள் அவன் அத்தனைக்கும் மொத்தமாகக் கோடு போட்டு, கீழே எழுதினான்: "யோசனை வேணுமா, இல்ல கொஞ்ச நேரம் பேசினா போதுமான்னு யாராவது கேட்டீங்களா?" யாரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் போய் உட்கார்ந்தோம். வேலையைப் பற்றிப் பேச்சே வரவில்லை. நவம்பரில் அவனே பயோடேட்டாவை அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் என்றான். அப்போது சொன்னவற்றில் ஏழெட்டை எடுத்துக்கொண்டான்.

இன்னும் முடிவாகாத வரி ஒன்றே ஒன்று. "மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம்" என்பது. உடலுக்குள் போன காஃபீனில் பாதி கழியவே பெரியவர்களுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகிறது, ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லிப் பார்த்தோம். வீடு மாறிய நண்பன் அந்த வரியில் "இரண்டு மணி" மட்டும் அடித்து, "நான்கு" என்று எழுதி வைத்திருக்கிறான். மார்ச்சுக்குள் முழுசாகச் செய்து பார்த்துச் சொல்லிவிடுகிறானாம். நாங்கள் ஆகஸ்ட் என்று குறித்துக்கொண்டோம்.