விம்மும் ஈமேக்ஸும் உங்கள் கணினிக்கு: கம்பைல் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடிக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்தாறு பிள்ளைகள் லினக்ஸ் பழக வருவார்கள். அவர்கள் தூக்கிவருவது பெரும்பாலும் அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி. எல்லாவற்றிலும் டெபியன் போட்டிருந்தோம். எல்லோருக்கும் ஒரே மாதிரி விம் எடிட்டர் இருக்கட்டும் என்று, போன மாம்பழ சீசனில் என் புதுக் கணினியில் அதன் சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய கோப்பாகக் கட்டி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். என்னிடம் ஜோராக ஓடியது. அவர்களிடம் விம் என்று தட்டியதும் ஒரே ஒரு வரி வந்தது: 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்'. ஒருவனுக்கு மட்டும் வேறு பிழை, 'எக்ஸெக் ஃபார்மட் எரர்'.

முதல் பிழைக்குக் காரணம் நான்தான். கம்பைலருக்குத் தரும் சிஃபிளாக்ஸில் 'மார்ச் நேட்டிவ்' என்று சேர்த்திருந்தேன். இந்தக் கணினியின் பிராசசருக்கு என்னென்ன வித்தை தெரியுமோ அத்தனையையும் பயன்படுத்திக்கொள் என்று அதற்குப் பொருள். என் பிராசசருக்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு தெரியும். பழைய பென்டியம், செலரான் பலவற்றுக்கு அதற்கு முந்தைய ஏவிஎக்ஸே தெரியாது. தெரியாத கட்டளை வந்தால் பிராசசர் கையை விரிக்கும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் புரோகிராமை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். இரண்டும் 64 பிட் இன்டெல்தானே என்று நினைத்ததுதான் என் பிசகு. எக்ஸ்86-64 என்ற ஒரே பெயருக்குள் வி1 முதல் வி4 வரை நான்கு படிகள் உண்டு. ஏவிஎக்ஸ்2 வருவது மூன்றாவது படியில். எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால் டெபியனின் கம்பைலர் முதல் படிக்குத்தான் கட்டித் தந்திருக்கும், 64 பிட் மடிக்கணினி எல்லாவற்றிலும் ஓடியிருக்கும். அதோடு, எடிட்டர் என்பது பெரும்பாலான நேரம் நீங்கள் எப்போது விசையைத் தட்டுவீர்கள் என்று காத்துக்கிடக்கிற மென்பொருள். அதற்கு எதற்கு அந்த வேகம்?

(இங்கே கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், உரிய கோடுகளோடு தட்டுங்கள்.)

கம்பைல் செய்யத்தான் வேண்டுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டெபியனின் நிறுவும் கருவியான ஏப்டியில் வருவதில் பைத்தான் இணைப்பு இல்லை, பதிப்பு பழையது, அல்லது கற்றுக்கொள்ள ஆசை என்றால் சரி. வேறு காரணம் இல்லையென்றால் ஏப்டியே போதும்.

அடுத்து, எந்த ஆர்க்கிடெக்சர், அதாவது எந்தப் பிராசசர் ரகம் என்று யாரைக் கேட்பது? எல்லோரும் 'யூநேம் எம்' தட்டிப் பார்ப்பார்கள். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் (சுருக்கமாகப் பை) அது ஏமாற்றும். பென்னாகரம் பக்கம் மாமா தோட்டத்தில் பம்ப்செட்டைக் கவனிக்க ஒரு பை 4 வைத்திருக்கிறேன். அதில் இருப்பது 32 பிட் இயங்குதளம், கெர்னல் மட்டும் 64 பிட். யூநேம் காட்டுவது கெர்னலை. அதனால் 'ஏஆர்ச்64', அதாவது 64 பிட் ஆர்ம் (பையின் பிராசசர் ரகம்) என்கிறது. ஆனால் உள்ளே உள்ள லைப்ரரிகள் எல்லாம் 32 பிட் ஆர்ம். யூநேம் சொன்னதை நம்பி 64 பிட்டுக்குக் கட்டினால், அதற்கான என்கர்ஸஸ் (விம்முக்கு வேண்டிய திரை லைப்ரரி) அங்கே இருக்காது. 'டிபிகேஜி பிரின்ட் ஆர்க்கிடெக்சர்' என்று கேளுங்கள். அது இயங்குதளத்தின் கணக்கைச் சொல்லும். இன்னொரு கண்ணியும் உண்டு. முதல் பையும் முதல் பை ஜீரோவும் ஆர்ம்வி6. டெபியன் 'ஆர்ம்ஹெச்எஃப்' என்று சொல்வதோ ஆர்ம்வி7. பையின் 32 பிட் இயங்குதளமும் அதே பெயரைத்தான் சொல்லும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஆர்ம்வி7க்குக் கட்டியதை ஜீரோவில் போட்டால் மறுபடியும் அதே இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்தான்.

ஒரு ரகக் கணினியில் இன்னொரு ரகக் கணினிக்காகக் கட்டுவதுதான் கிராஸ் கம்பைல். அங்கே பில்ட், ஹோஸ்ட், டார்கெட் என்று மூன்று பெயர்கள் வரும், பலரும் டார்கெட்டைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சந்தூரை வைத்துச் சொன்னால் புரியும். சந்தூர் நர்சரியில் ஒட்டுக் கட்டிய மாஞ்செடி அரூர் தோட்டத்தில் காய்க்கப் போகிறது. கட்டும் இடம் சந்தூர், அது பில்ட். வாழும் இடம் அரூர், அது ஹோஸ்ட். டார்கெட் என்பது கம்பைலர் போன்ற கருவிகளைக் கட்டும்போது மட்டும் வேண்டியது; எடிட்டருக்கு அதில் வேலையே இல்லை. டார்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டு விம்மைக் கட்டினால் கட்டுவதற்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் மறுபேச்சில்லாமல் உங்கள் மேசைக் கணினிக்கே கட்டித் தரும். பைக்குக் கொண்டுபோன பிறகுதான் குட்டு வெளிப்படும்.

ஹோஸ்ட்டைச் சரியாகக் கொடுத்தாலும் விம் பாதியில் நின்றுவிடும். கான்ஃபிகரின் சோதனைகளில் சில, சின்ன புரோகிராம் ஒன்றைக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்ப்பவை. ஆர்முக்குக் கட்டியதை இன்டெல்லில் எப்படி ஓட்டுவது? அதனால் 'விம் சிவி' என்று தொடங்கும் மாறிகளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள் என்று கேட்கும். டெர்மின்ஃபோ என்ற டெர்மினல் விவரத் தொகுப்பு இருக்கிறதா, நினைவகத்தில் நகலெடுக்கும் மெம்மூவ் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதிகளைச் சமாளிக்குமா, இப்படி. இங்கே ஆம், இல்லை என்று குத்துமதிப்பாக நிரப்புவது பெரிய தவறு. கட்டி முடியும், ஓடவும் ஓடும். பிறகு என்றைக்கோ ஒரு கோப்பைச் சேமிக்கும்போது காலை வாரும். ஓடப்போகும் கணினியிலோ அதே ரகத்தின் இன்னொன்றிலோ கம்பைலர் இருந்தால், கான்ஃபிகரை மட்டும் அங்கே ஒருமுறை ஓட்டுங்கள். ஆட்டோ ஃபோல்டருக்குள் கான்ஃபிக் கேஷ் என்ற கோப்பில் எல்லாப் பதில்களும் இருக்கும்; அவற்றை இங்கே கொடுங்கள். அப்புறம், கட்டும் வேலைகளை நடத்தும் மேக் கருவியால் 'மேக் இன்ஸ்டால்' செய்யும்போது, கோப்பில் ஓடத் தேவையில்லாததை நீக்கும் உங்கள் கணினியின் ஸ்டிரிப் கருவி ஆர்ம் கோப்பைப் பார்த்து முழிக்கும். ஆர்முக்கான ஸ்டிரிப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், விம்மைப் பை 4இலேயே கட்டிவிடுவேன். கம்பைலர் வைக்கவே இடமில்லாத சின்னக் கருவிகளுக்குத்தான் இத்தனை பாடும் தகும்.

இன்னொரு எடிட்டரான ஈமேக்ஸில் கதை வேறு. அது முதலில் டீமேக்ஸ் என்ற வெறும் கூட்டைக் கட்டும். பிறகு அந்தக் கூட்டையே ஓட்டி லிஸ்ப் மொழியில் எழுதிய கோப்புகளை ஏற்றி, ஏற்றிய நிலையை அப்படியே எழுதி வைக்கும். கட்டும்போதே ஓட்டியாக வேண்டும் என்பதால், வேறு கணினிக்காக இதைக் கட்டுவது சாதாரண வழியில் நடக்காது. அந்தந்தக் கணினியிலேயே கட்டுங்கள். 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து அந்த நிலை 'பிடிஎம்பி' என்ற தனிக் கோப்பில் போகிறது. அது தன்னோடு பிறந்த ஈமேக்ஸோடு மட்டுமே சேரும். ஈமேக்ஸ் கோப்பை மட்டும் நகலெடுத்தாலோ, பழைய பிடிஎம்பியைப் புதிய ஈமேக்ஸ் பக்கத்தில் வைத்தாலோ திறக்காது. ஒரு காலத்தில் ஒவ்வொரு கணினி ரகத்துக்கும் ஈமேக்ஸ் சோர்ஸில் தனித்தனி ஹெடர் கோப்பு இருந்தது, அதைக் கையால் திருத்தச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் உலவுகின்றன. அந்தக் கோப்புகளே இப்போது இல்லை. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

முன்பு சொன்ன விம்மின் கான்ஃபிக் கேஷ் கோப்பு உதவுவது போலவே உபத்திரவமும் செய்யும். என்கர்ஸஸின் டெவலப்மென்ட் பேக்கேஜ் (கம்பைலுக்கு வேண்டிய கோப்புகள்) இல்லாமல் கான்ஃபிகர் ஒருமுறை தோற்றுப்போய், பிறகு அதை நிறுவினாலும், விம் பழைய பதிலையே படித்துக்கொண்டிருக்கலாம். பழையதைத் துடைக்கும் 'மேக் டிஸ்ட்கிளீன்' செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மடிக்கணினியில் கட்டிய ஃபோல்டரை அப்படியே பைக்குத் தூக்கிப்போவதும் இதே ரகம்: ஆப்ஜெக்ட் கோப்புகள் இன்டெல்லுடையவை, பதில்களும் இன்டெல்லுடையவை. ஒரே சோர்ஸை இரண்டு கணினிக்கும் வைத்துக்கொள்ள விம்மில் 'மேக் ஷேடோ' இருக்கிறது. ஈமேக்ஸை சோர்ஸுக்கு வெளியே தனி ஃபோல்டரில் கட்டலாம்.

பென்டிரைவைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஃபேட் முறையில் இருந்தால் சிம்பாலிக் லிங்க் தங்காது, ஓட்டும் அனுமதியும் தங்காது. கான்ஃபிகரைக் கூப்பிட்டதும் அனுமதி மறுக்கப்படலாம். விண்டோஸில் பிரித்த சோர்ஸ் என்றால் வரி முடிவுகளும் மாறியிருக்கக்கூடும். டார் கோப்பாகவே எடுத்துப்போய் லினக்ஸில் பிரியுங்கள்.

தோட்டத்தில் நான் அரை நாள் தொலைத்தது கடிகாரத்தால். பை 4இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்துதான் தொடரும்; இணையம் இருந்தால் திருத்திக்கொள்ளும். அங்கே இணையம் இல்லை. மடிக்கணினியிலிருந்து கொண்டுபோன கோப்புகள் எல்லாம் பையின் கண்ணுக்கு எதிர்காலத்தில் எழுதப்பட்டவை. மேக் எதைக் கட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்வதே கோப்பு நேரத்தை வைத்துத்தான். 'கிளாக் ஸ்கியூ டிடெக்டட்' என்று எச்சரித்தது. எச்சரிக்கைதானே என்று நான் விட்டுவிட்டேன். டேட் கட்டளையால் நேரத்தை வைத்துவிட்டுத் தொடங்கியிருந்தால் மதியமே வீடு திரும்பியிருப்பேன்.

நினைவகம் குறைந்த பையில் மேக்குக்கு 'ஜே' என்று மட்டும் கொடுத்து எண்ணை விட்டுவிடாதீர்கள். அளவில்லாமல் வேலைகளைக் கிளப்பிக் கணினியைத் திணறடிக்கும். ஈமேக்ஸ் 30இல், லிப்ஜிசிசிஜிட் லைப்ரரி இருந்தால், லிஸ்ப்பைப் பிராசசர் கட்டளைகளாகவே மாற்றும் நேட்டிவ் கம்பைலேஷன் தானாகவே சேர்ந்துகொள்ளும். சின்னக் கணினியில் அதை வேண்டாம் என்று கான்ஃபிகரிடமே சொல்லிவிடலாம்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஈமேக்ஸ் கான்ஃபிகர் கடைசியில் தரும் பட்டியலைப் படிக்காமல் மேக் தட்டக் கூடாது. எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டும் லைப்ரரியான ஹார்ஃப்பஸ் என்ற வரியில் இல்லை என்றிருந்தால், வரைகலைச் சாளரத்தில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கக்கூடும். 'கொ' என்று தட்டினால் துண்டுதுண்டாகத் தெரியலாம். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. ஹார்ஃப்பஸ், வரைகலை லைப்ரரியான கெய்ரோ இரண்டின் டெவலப்மென்ட் பேக்கேஜ்களையும் நிறுவி, கான்ஃபிகரை மறுபடி ஓட்ட வேண்டும்.

கட்டி முடித்ததும் 'ஃபைல்' கட்டளையால் அந்தக் கோப்பு எந்த ஆர்க்கிடெக்சருக்கானது என்று பாருங்கள். விம்மில் 'வெர்ஷன்' கேட்டால் எந்த ஃபிளாக்ஸோடு கட்டியது என்பதும் வரும். மாடியில் அந்த ஞாயிறே நான் அதைப் பார்த்திருக்க வேண்டும். மறு வாரம் மார்ச் நேட்டிவை எடுத்துவிட்டுக் கட்டிக் கொடுத்தேன், நால்வருக்கு ஓடியது. 'எக்ஸெக் ஃபார்மட்' வந்த பையனின் மடிக்கணினியில் இருந்தது 32 பிட் டெபியன். அவன் ஏற்கெனவே ஏப்டியில் விம்மை நிறுவி, பாடத்தில் எங்களை முந்திப் போயிருந்தான்.