கைபேசி வெடித்துக் காயம்பட்டால்: முதல் மணி நேரத்திலிருந்து நுகர்வோர் ஆணையம் வரை

2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த ஒரு விமானத்தில், இருக்கைகளுக்கு மேலே பைகள் வைக்கும் இடத்திலிருந்து புகை வந்தது. அங்கே ஒரு பையில் இருந்த சாம்சங் நோட் 2 கைபேசி புகைந்துகொண்டிருந்தது. விமானப் பணியாளர்கள் அருகில் இருந்தவர்களை வேறு இருக்கைகளுக்கு மாற்றினார்கள், தீயணைப்பானை அடித்தார்கள், பின்னர் கைபேசியைக் கழிப்பறைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது. முதலில் ஆட்களை விலக்கி, அடுத்துத் தீயை அடக்கி, கடைசியாகப் பொருளைக் குளிர்வித்ததோடு, அந்தப் பொருள் சோதனைக்குக் கிடைக்கும்படியும் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் பதற்றத்தில் நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. எரியும் கைபேசியைக் கையால் எடுத்துப் பால்கனி வழியே வீசுகிறோம்; கை வெந்துபோகிறது, வழக்குக்கு வேண்டிய தடயமும் தெருவில் சிதறிவிடுகிறது.

யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சட்டம் ஓரளவு தெளிவாகவே விடை சொல்கிறது. ஆனால் அந்த விடை உங்களுக்குப் பயன்படுமா என்பது, விபத்து நடந்த முதல் சில மணி நேரத்தில் நீங்கள் எவற்றையெல்லாம் எடுத்து வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

எதனால் தீப்பிடிக்கிறது

காரணம் எதுவோ அதன் பின்னால்தான் பொறுப்பு போகும் என்பதால், இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. லித்தியம்-அயன் பேட்டரிக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும், அவற்றுக்கு நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலமும் பாய் சுருட்டியதுபோல் இறுக்கமாக இருக்கின்றன. இடையில் நிரம்பியிருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. அந்தப் படலம் ஓரிடத்தில் கிழிந்தாலோ உருகினாலோ தகடுகள் உரசி ஷார்ட் ஆகின்றன. அதில் பிறக்கும் வெப்பம் பக்கத்துப் படலத்தையும் உருக்க, மேலும் வெப்பம் பிறந்து, பிறகு நிறுத்த முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. படலம் கிழியத் தொழிற்சாலைப் பிழை காரணமாகலாம். பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்ததால் கைபேசி வளைந்தது காரணமாகலாம். தரமற்ற சார்ஜர், கடும் வெயில், பழுதுபார்ப்பவர் ஸ்குரூடிரைவரால் பேட்டரியை நெம்பியது ஆகியவையும் காரணமாகலாம்.

தொழிற்சாலைப் பிழைக்கு உலகமறிந்த சான்று கேலக்ஸி நோட் 7. 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த அந்தக் கைபேசியில் ஏறத்தாழ 25 லட்சம் கருவிகளைச் செப்டம்பரில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மாற்றாகக் கொடுத்தவையும் எரிந்ததால் அக்டோபரில் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. 2017 ஜனவரியில் அந்நிறுவனமே வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, ஒரு நிறுவனம் செய்து கொடுத்த பேட்டரியின் மேல்மூலையில் தகடு நசுங்கி மடிந்திருந்தது. இன்னொரு நிறுவனத்தின் பேட்டரியில் வெல்டிங் பிசிறுகள் படலத்தைத் துளைத்திருந்தன. அதற்கு முன்பே, 2007 ஆகஸ்டில், நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடி பற்றி எச்சரிக்கை வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பின்மூடியைக் கழற்றி பேட்டரியின் எண்ணைச் சரிபார்த்தது நம்மில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். இந்த இரண்டு நிகழ்வுகளையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெடிப்புச் செய்தி வரும்போதெல்லாம் ‘சார்ஜ் போட்டபடி பேசியிருப்பார்’ என்று காயம்பட்டவர் மேலேயே பழிபோடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அது எப்போதும் நியாயமானதல்ல.

அதே சமயம், சென்னை வாழ்க்கையில் நாமே தேடிக்கொள்ளும் ஆபத்துகளும் உண்டு. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கும்போது பயன்படுத்துமாறு ஆப்பிள் தன் கைபேசிகளுக்கு அறிவுறுத்துகிறது. நம் ஊர்க் கத்திரி வெயில் நிழலிலேயே 40-ஐத் தொடுகிறது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் நிறுத்திவைத்த காரின் டேஷ்போர்டிலும் அதைவிட அதிகம். தலையணைக்கு அடியில் வைத்து இரவு முழுக்க சார்ஜ் போடுவது, வெப்பம் வெளியேறும் வழியை நாமே அடைப்பதாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நனைந்த கைபேசிகளை அரிசி டப்பாவில் புதைத்து எடுத்து மறுநாளே சார்ஜ் போட்டவர்கள் பலர். அரிசி உள்ளே போன நீரை உறிஞ்சுவதில்லை. வெள்ள நீரில் ஊறிய கைபேசியைத் திறந்து சுத்தம் செய்யாமல் மின்சாரத்தோடு இணைக்கவே கூடாது. டிஸ்ப்ளே ஓரத்தில் தூக்கிக்கொண்டாலோ பின்மூடி புடைத்தாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். உப்பியதை அமுக்கிச் சமன்படுத்தலாம் என்று அதன்மேல் ஒரு பழைய அகராதியை வைத்த உறவினர் எனக்கு உண்டு. நல்லவேளையாக எதுவும் ஆகவில்லை. உப்பிய கைபேசியை அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், குத்தாமல், அமுக்காமல் தனியே வைத்துவிட வேண்டும்.

முதல் மணி நேரம்

சார்ஜில் இருக்கும்போது புகைந்தால் சுவிட்சை அணையுங்கள். பிளக் உருகியிருந்தால் மெயினையே அணையுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். தீ அடங்கியதுபோல் தோன்றினாலும் சில நிமிடங்களில் மறுபடியும் பற்றும் என்பதால் உடனே கையில் எடுக்க வேண்டாம். அந்தப் புகையில் நச்சு வாயுக்கள் உண்டு. சன்னல்களைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். தீ பரவினால் 101.

தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் ஓடும் நீர் பட வேண்டும். மே மாதத்தில் நம் மேல்தொட்டித் தண்ணீரே கொதிக்கும் என்பதால், குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திறங்கள். சூடாக இருந்தால் குடத்துத் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் வேண்டாம். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால் 108-ஐ அழைத்துத் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

மருத்துவரிடம் எப்படிக் காயம் ஏற்பட்டது என்பதை முழுமையாகச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் வெறுமனே ‘தீக்காயம்’ என்று இல்லாமல், ‘சார்ஜில் இருந்த கைபேசி வெடித்ததால்’ என்று பதிவாக வேண்டும். ஏ.ஆர். காப்பி என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிவிட்டால், நாளும் நேரமும் சம்பவமும் இரண்டு அரசு ஆவணங்களில் பதிவாகிவிடும்.

கருகிய பொருளைக் கொடுத்துவிடாதீர்கள்

இந்த இடத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் தொடங்குவதற்கு முன்பே தோற்றுப்போகின்றன என்பது என் கருத்து. கைபேசி ஆறியதும், அதை அசைப்பதற்கு முன்பே, கிடந்த இடத்தோடு பல கோணங்களில் படமெடுங்கள். மெத்தை, சுவர், பிளக் பாயிண்ட் ஆகியவற்றையும் எடுங்கள். உலர்ந்த மணல் பரப்பிய தகர டப்பாவில் கைபேசியையும் சிதறிய துண்டுகளையும் போட்டு, தீப்பற்றும் பொருள்கள் இல்லாத இடத்தில் வையுங்கள். சார்ஜர், கேபிள், ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்) அச்சிட்ட அட்டைப்பெட்டி, பில், முன்பு பழுதுபார்த்திருந்தால் அதன் ரசீது எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும். சார்ஜர் சேதமின்றி இருக்கிறதே என்று அதில் வேறு கைபேசியைப் போட வேண்டாம், அதுவும் சாட்சிதான்.

அடுத்த சில நாட்களில் சர்வீஸ் சென்டரிலிருந்து இனிமையாக ஒரு அழைப்பு வரும்: கருவியைக் கொண்டுவாருங்கள், ஆய்வு செய்கிறோம், புதியது தருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், பேட்டரி உப்பிய என் கைபேசியை அப்படி ஓரிடத்தில் கொடுத்தேன். அவர்கள் தந்த ஜாப் ஷீட் என்ற பழுதுபார்ப்புப் படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் ‘பயனரால் ஏற்பட்ட சேதம்’ என்று எழுதியிருந்ததைப் படிக்காமலே கையெழுத்திட்டேன். எனக்குக் காயம் ஏதுமில்லை என்பதால் பணத்தோடு போயிற்று. காயம்பட்டவர்கள் இந்தத் தவறைச் செய்யக் கூடாது. உங்கள் முன்னிலையில் மட்டுமே சோதனை நடக்க வேண்டும், பொருளை அங்கே விட்டுவர மாட்டேன் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். அவர்கள் மறுத்தால் கவலை இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-ஆவது பிரிவின்படி, ஆய்வு தேவைப்படும் பொருளின் மாதிரியை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

யார் மீது வழக்கு

2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் ஆறாவது அத்தியாயம், குறைபாடுள்ள பொருளால் நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்பதைப் பேசுகிறது. 84-ஆவது பிரிவு தயாரிப்பாளரைப் பற்றியது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், போதிய பயன்பாட்டு அறிவுரையோ எச்சரிக்கையோ தரப்படாவிட்டாலும் அவர் பொறுப்பேற்க வேண்டும். வேறு யாரோ செய்த பொருளின்மேல் தன் முத்திரையைக் குத்தி விற்பவரும் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர்தான். தன் பெயரில் பவர் பேங்க் விற்கும் கடைக்காரர் இதைக் கவனிக்க வேண்டும்.

விற்பனையாளர் எல்லாச் சமயத்திலும் பொறுப்பாக மாட்டார். பொருளை அவரே மாற்றியமைத்திருந்தாலோ, தயாரிப்பாளர் தராத உறுதிமொழியைத் தாமாகத் தந்திருந்தாலோ, எச்சரிக்கைக் குறிப்புகளை உங்களிடம் சேர்க்காமல் விட்டிருந்தாலோ, தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளை விற்றிருந்தாலோ 86-ஆவது பிரிவு அவரைப் பிடிக்கும். கடைசியாகச் சொன்னது சென்னைக்கு மிகவும் பொருந்துகிறது. சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் கிடைப்பதெல்லாம் போலி என்று சொல்வது அந்தத் தெருவுக்குச் செய்யும் அநியாயம். அங்கே நேர்மையான கடைகள் ஏராளம். ஆனால் பெயரில்லாத சார்ஜரைப் பில் இல்லாமல் வாங்கினால், தயாரிப்பாளரையும் காட்ட முடியாது, விற்றவரையும் காட்ட முடியாது. வாங்கும்போதே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையோடு ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பார்த்து, அந்த அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைச் சரிபாருங்கள். பேட்டரி மாற்றிக் கொடுத்தவரின் வேலையில் குறை இருந்தால் அவருக்கு 85-ஆவது பிரிவு.

இனி உங்கள் பக்கம். தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மீது வழக்கு நிற்காது என்று 87-ஆவது பிரிவு கூறுகிறது; எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்று தயாரிப்பாளரையும் குறை சொல்ல முடியாது. வேறு நிறுவனத்தின் சார்ஜரைப் பயன்படுத்தியதை மறைக்க வேண்டாம். அது மட்டுமே உங்கள் கோரிக்கையை அழித்துவிடாது, ஆனால் மறைத்தது வெளிப்பட்டால் நீங்கள் சொல்லும் மற்றவையும் நம்பப்படாது.

ஹெல்மெட்டுக்குள் கைபேசியைச் செருகிப் பேசிக்கொண்டே ஓட்டியவரால் காயம்பட்டவர்களுக்கு வழி வேறு. அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்கு அல்ல, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே, காயம்பட்டவரும் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தது தெரியவந்தால், அவருடைய பங்குக்கேற்ப இழப்பீடு குறையும். கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்தை வெடிப்புப் புகாரோடு கலக்காதீர்கள். அதனால் வழக்கு வலுவிழக்கும். உங்கள் கைபேசியின் எஸ்.ஏ.ஆர். அளவு, அதாவது அதன் கதிர்வீச்சை உடல் உறிஞ்சும் அளவு, இந்திய வரம்பான கிலோவுக்கு 1.6 வாட்டுக்குள் இருக்கிறதா என்பதை *#07# அழுத்தி நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

புகார் மனு

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே பேச வருவார்கள். வராவிட்டால் தயாரிப்பாளர், விற்றவர், பழுதுபார்த்தவர் மூவருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பதிவுத் தபால் சேவை 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவுத் தபாலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சென்னைக்கு வடக்கு, தெற்கு என இரண்டு உண்டு. நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்கிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. கைபேசிக்கு அதற்குமேல் கொடுத்தவர் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் மனுவைப் பதியலாம். கால வரம்பு 2 ஆண்டுகள்.

மனுவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த அத்தியாயத்தின்படி ‘தீங்கு’ என்பதில் உடற்காயம், அதனால் வந்த மன உளைச்சல், எரிந்துபோன மற்றப் பொருள்கள் அடங்கும். வெடித்த கைபேசியின் விலை அடங்காது. ஆகவே கைபேசியின் விலையைக் குறைபாடுள்ள பொருளுக்கான தனிக் கோரிக்கையாகவும், மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளம், மெத்தை, துணிமணி ஆகியவற்றைப் பில்களோடு வேறாகவும் எழுதுங்கள்.

ஆய்வகச் சோதனை தேவைப்படும் புகார்களை 5 மாதங்களுக்குள் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகமாகும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள். தீர்ப்பு வந்த பிறகும் மேல்முறையீட்டுக்கு 45 நாட்கள் உண்டு. அது கழியும்வரை அந்தத் தகர டப்பா வீட்டில் இருக்கட்டும். கழிந்த பிறகும் தெருக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் உள்ளே பேட்டரி இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.